கூடத்து விளக்கு

எங்கள் பத்திரிகையின் தொடர்கதைக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு விமரிசகர் இருக்கிறார். அவர் என் மாமியார். இதழ் கைக்கு வந்துவிட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, கதையை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவர் நாலு மாதமாக இதழைப் புரட்டிப் படம் பார்த்துவிட்டு ஊஞ்சலில் வைத்துவிடுவார். "என்ன அத்தை, கதை படிக்கவில்லையா?" என்று கேட்டால், "முன்னைப் போல் சுவை இல்லையம்மா" என்பார்.

நானும் நம்பினேன். போதாக்குறைக்கு, ஆபீசில் ஆசிரியரிடமும் போய்ச் சொல்லித் தொலைத்தேன். அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால், குற்றம் கதையில் இல்லை. எங்கள் கூடத்து விளக்கில் இருந்தது.

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில் 1930-களில் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரை போட்டு அடுக்கியிருப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான். நடுக்கூடத்தில், பித்தளைச் சங்கிலியில், பால் கண்ணாடிக் குண்டு விளக்கு ஒன்று தொங்கும். கல்யாணமான மறு வருஷம், 1972-ல், என் மாமனார் மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கி, சைக்கிள் ரிக்‌ஷாவில் மடியில் வைத்துக் கொண்டு வந்தாராம். மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போயிற்று. மாமனார் காலமாகிப் பத்து வருஷமாகிறது. விளக்கு மட்டும் பாக்கி. அதில் 40 வாட் பல்புக்கு மேல் போடக் கூடாது, ஹோல்டர் கருகிவிடும் என்பது அவர் உத்தரவு. அவருக்குப் பின்னும் அதை யாரும் மீறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பல்பு போய்விட்டது. "இதற்கெல்லாம் ஓர் எலெக்ட்ரீஷியனா?" என்று என் கணவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறினார். அடுத்த நிமிஷம் "ஆ!" என்று ஒரு சத்தம். ஸ்டூல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். நல்ல வேளையாக ஊஞ்சல் மெத்தையில் விழுந்தார். முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. நான் சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் ஓடினேன். அத்தை சுவரைப் பிடித்தபடி நின்றார். வாயில் வார்த்தை வரவில்லை.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் தலை நரைத்தவர். சுவிட்சை அணைத்தார். ஏணியில் ஏறி ஹோல்டரில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது!

"பாத்தீங்களாம்மா? சுவிட்சு ஃபேஸ் கம்பியில இருக்கணும். இங்கே யாரோ நியூட்ரல்ல போட்டிருக்காங்க. அணைச்சா வெளிச்சம்தான் போகும். கரண்ட் ஹோல்டர் வரைக்கும் வந்து காத்துக்கிட்டு நிக்கும்."

230 வோல்ட், ஐம்பது வருஷமாக எங்கள் தலைக்கு மேல் காத்துக் கொண்டு நின்றிருக்கிறது! பழைய வீட்டில் இருக்கும் சகோதரிகள் இதை மட்டும் மறக்க வேண்டாம். பல்பு மாற்றுவதானாலும் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

மெயினை அணைத்து அவர் விளக்கைக் கழற்றினார். மேலே இருந்த வயர், ரப்பர் உறையும் அதன் மேல் நூல் பின்னலும் போட்ட அந்தக் காலத்துச் சரக்கு. பல்பின் சூடு மேலே ஏறி ஏறி ரப்பர் வறண்டு போயிருந்தது. அவர் விரல் பட்டதும் பழைய அப்பளம் மாதிரி பொடிப் பொடியாக உதிர்ந்து, செப்புக் கம்பி வெறுமனே தெரிந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "தட்டையாக ஒரு எல்.இ.டி. விளக்கு வாங்கி ஒட்டிவிடுங்கள். இந்தப் பழசு வேண்டாம்" என்றேன். சொன்ன பிறகுதான் அத்தை பக்கத்தில் நிற்பதைக் கவனித்தேன்.

"ஆமாம், எடுத்துவிடுங்கள். என் பிள்ளையை விடவா விளக்கு பெரிசு?" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அன்று ராத்திரிக்காக எலெக்ட்ரீஷியன் சுவர்ப் பிளக்கிலிருந்து தனி வயர் இழுத்து, ஊஞ்சல் கொக்கியில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பைத் தொங்கவிட்டுப் போனார். நான் கடைக்குப் போய்த் திரும்பினேன். அத்தை அந்த மொட்டைப் பல்பின் கீழே உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, எங்கள் இதழைப் படித்துக் கொண்டிருந்தார். நான் வந்ததே தெரியவில்லை.

"கதை எப்படி, அத்தை?"

திடுக்கிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கதைக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் எழுத்துத் தெரியவில்லை. சொன்னால் விளக்கை மாற்ற வேண்டும் என்பீர்கள்."

எனக்குத் தொண்டையை அடைத்தது. வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது. உள்ளே இருக்கும் லென்ஸ் மஞ்சளாகிறது. அதனால் 20 வயதுக்காரருக்குப் போதுமான வெளிச்சம் 70 வயதுக்காரருக்குப் போதாது. இதையெல்லாம் எங்கள் பத்திரிகையிலேயே எழுதியவள் நான். வீட்டில் இருக்கும் கண்ணைக் கவனிக்கவில்லை!

மறுநாள் எலெக்ட்ரீஷியனிடம், "இந்தக் கண்ணாடி இருக்கட்டும். மற்றதை மாற்ற முடியுமா?" என்று கேட்டேன்.

"தாராளமா! விளக்கு என்னம்மா தப்புப் பண்ணிச்சு? வயரும் சுவிட்சும் பண்ணின தப்பு அது" என்றார்.

மூன்று நாள் வேலை. கூடம் முழுவதும் புது பி.வி.சி. வயர். சுவிட்ச் ஃபேஸ் கம்பிக்கு மாறிற்று. பித்தளைப் பாகத்துக்கு, முன்பு இல்லாத எர்த் கம்பி வந்தது. செங்கல் இடுக்கில் திருகாணி அடித்தால் சுண்ணாம்பு உதிருமே தவிரப் பிடிக்காது என்று, கனமெல்லாம் தேக்குக் கட்டையில் இறங்கும்படி கொக்கி போட்டார். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மெயினில் வைத்தார். கண்ணாடியின் உள்ளே படிந்திருந்த தூசியை அத்தை தம் கையாலேயே கழுவித் துடைத்தார். புது ஹோல்டரில் அதே 9 வாட் பல்பு. பழைய 40 வாட்டைப் போல் இரண்டு மடங்கு வெளிச்சம். ஆனால், கண்ணாடியைத் தொட்டால் பழைய கொதிப்பு இல்லை.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் கூடம் முழுவதும் பால் போல் வெளிச்சம் பரவிற்று. அத்தை கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

"நாளைக்கு ஆபீசிலிருந்து வரும்போது, அந்த நாலு மாசத்து இதழ்களையும் எடுத்துக் கொண்டு வா" என்றார். "வீட்டில் இருந்ததைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டேன்."

எடுத்துக் கொண்டு வந்தேன். அதற்கு முன், ஆசிரியரிடம் போய் மன்னிப்பும் கேட்டேன்.