மொட்டை மாடியில் மாட்டுக்கறி

மதுரையில் தோழர் ஒருவரின் மகளுக்குப் பிறந்தநாள். விருந்தினர் நாற்பது பேர். உணவுக்கு முன் கொறிக்க என்ன தருவது என்ற பேச்சு எழுந்தபோது, "மாட்டுக்கறியில் சின்னஞ்சிறு பர்கர் செய்வோம், கரி அடுப்பிலே சுட்டு!" என்றோம் நாம். தோழர் மகிழ்ந்தார். அவருடைய தாயார் மட்டும் முகம் வெளிறி, "மாடியிலா? வாடை தெருவெல்லாம் போகுமே, தம்பி!" என்றார்.

அந்த ஒரு சொல்லிலே ஒரு வாழ்நாளே அடங்கியிருந்தது. சன்னலை அடைத்து, கதவைத் தாழிட்டு, சாம்பிராணி புகைத்து, பெயரைக்கூடப் "பெரிய கறி" என்று மறைத்துச் சமைத்தவர் அவர். மணம் கசிந்த குற்றத்துக்காக ஒரு வாடகை வீட்டையே இழந்தவர். மாட்டின் பாலுக்கு இல்லாத சாதி, அதன் கறிக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ!

2017 மே 23 அன்று, சந்தையில் அறுப்புக்கென மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளை ஒன்றிய அரசு வெளியிட்டது. ஒரு வாரத்துக்குள், மே 30 அன்று, இதே மதுரையிலுள்ள உயர்நீதிமன்றக் கிளைதான் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. நீதிமன்றம் தடுத்தது அரசின் விதியை. தெருவின் விதியை யார் தடுப்பார்?

அடுப்புக்கு வருவோம். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் பத்து வயது கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டுக்கே, அல்லது காயத்தாலோ தீரா நோயாலோ நிலையாக முடங்கிய மாட்டுக்கே அறுப்புச் சான்று கிடைக்கும். ஆகவே கடைக்கு வருவது பெரும்பாலும் முதிர்ந்த கறி, நார் தடித்தது. ஒன்று நெடுநேரம் வேகவைக்கவேண்டும், அல்லது கொத்தவேண்டும். நாம் இரண்டு கிலோ கொத்துக்கறி வாங்கினோம், நான்கு பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு சேர்த்து. நாற்பது கிராம் வீதம் தட்டினால் ஐம்பது வரும். முழுத் துண்டில் மேற்பரப்பில் இருக்கும் கிருமி, கொத்தும்போது உள்ளேயும் கலந்துவிடும். எனவே நடுப்பகுதி 71 பாகை செல்சியசு வெப்பம் எட்டும்வரை சுடவேண்டும். கரண்டியால் அழுத்தலாகாது, சாறெல்லாம் நெருப்புக்கே போய்விடும்.

இத்தனையும் அறிந்த நாம், அரைத்த வெங்காயத்தை நீரோடு கலந்துவிட்டோம்! முதல் பத்தும் கம்பிவலையில் பிளந்து, கனலில் விழுந்து கருகின. சிறுவர்கள் கைகொட்டிச் சிரித்தனர். படியருகே நின்ற தாயாருக்குப் பொறுக்கவில்லை. "கறியைப் பாழாக்காதே, தள்ளு தம்பி!" என்று மாடியேறி வந்தார். வெங்காயத்தைப் பிழிந்து சேர்த்தார். கோலா உருண்டைக்குப் போடுவதுபோல் பொட்டுக்கடலை மாவும், இடித்த மிளகும் சோம்பும் தூவிப் பிசைந்தார். தட்டி, நடுவில் கட்டைவிரலால் குழித்து, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் சுட்டார். ஒன்றும் உடையவில்லை. சிறிய பன்னை வாட்டி, இடையே வைத்து நீட்டினார். உண்ணாதவர்களுக்கு வாழைப்பூ வடை தனியே இருந்தது. யாரையும் யாரும் வற்புறுத்தவில்லை.

புகை அடுத்த மாடிக்குப் பரவிற்று. அங்கே துணி எடுக்க வந்த அம்மையார், "என்னக்கா விசேஷம்? என்ன சுடுறீங்க?" என்று கேட்டார்.

தாயாரின் கை ஒரு கணம் நின்றது. எங்கள் பேச்சும் நின்றது.

"மாட்டுக்கறி," என்றார் உரக்க.

அந்த அம்மையார் ஒன்றும் சொல்லாமல், துணிகளை வாரிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். தாயார் சிறிது நேரம் அந்தப் பக்கமே பார்த்திருந்தார். பிறகு விசிறியை எடுத்துக் கனலை மூட்டி, "அடுத்த தட்டைக் கொடு," என்றார்.