குன்றின்மேல் ஒரு விடுதி



பிரான்சு நாட்டின் தென்மேற்கில், துலூசு நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், கோர்து-சுர்-சியேல் என்றொரு குன்றூர் உள்ளது. 1222ஆம் ஆண்டில் துலூசுப் பிரபு ஏழாம் ரேமோன் தோற்றுவித்த ஊர். நெடுங்காலம் 'கோர்து' என்றே வழங்கிய பெயருடன், 'வானத்தின் மேல்' என்று பொருள்படும் சொற்கள் 1993இல்தான் சேர்க்கப்பட்டன. பள்ளத்தாக்கில் மூடுபனி நிறையும் காலைகளில், ஊர் மட்டும் மேகத்தின்மேல் மிதப்பதுபோல் தோன்றும்.

ஒரு கோடையில் என் அக்காவும் அத்தானும் அங்கே நான்கு நாள்கள் தங்கினர். அவர்கள் தங்கிய எட்டு அறைகள் கொண்ட சிறு விடுதி விற்பனைக்கு வந்திருந்தது. ஊர் திரும்பியதும், இருக்கும் வீட்டை விற்று அவ்விடுதியை வாங்குவதென்று இருவரும் பேசத் தொடங்கினர். என் மகளின் மேற்படிப்புக்காக நான் சேர்த்து வைத்திருந்த தொகையையும் பங்காகக் கேட்டனர். மறுப்பதற்கும் ஏற்பதற்கும் முன் நேரில் பார்க்க விரும்பினேன். டிசம்பர்ப் பள்ளி விடுமுறையில் மூவரும் புறப்பட்டோம்.

குளிர்காலத்தில் அவ்வூர் வேறு ஊர். பல கடைகள் அடைத்துக் கிடந்தன. விடுதியும் நவம்பர் முதல் மார்ச்சு வரை மூடப்படுமாம். எங்களுக்காகவே உரிமையாளரான மூதாட்டி கதவைத் திறந்தார்.

அங்கு நான் அறிந்தவற்றுள் முதன்மையானது இது: பிரான்சில் விடுதி என்பது ஒரு பொருளன்று, இரண்டு. கட்டடம் ஒன்று, வாடிக்கையாளர், பெயர், தளவாடம் ஆகியவை அடங்கிய தொழில் மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே விற்கலாம். தொழிலை மட்டும் வாங்கினால் கட்டடத்துக்கு வாடகை செலுத்த வேண்டும். அந்த வணிகக் குத்தகை குறைந்தது 9 ஆண்டுகளுக்கானது. பொதுவாக, குத்தகைக்காரர் ஒவ்வொரு 3 ஆண்டின் முடிவிலும் விலகிக்கொள்ளலாம். அத்தானின் கண்ணைக் கவர்ந்த குறைந்த விலை, தொழிலுக்கு மட்டுமான விலை!

அடுத்தது, பழைமையின் விலை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களைச் சுற்றிப் பொதுவாக 500 மீட்டருக்குள், கூரையோ சன்னலோ மாற்ற வேண்டுமானால் அதற்கென உள்ள அரசுக் கட்டடக்கலைஞரின் ஒப்புதல் தேவை. மதுபானம் பரிமாற உரிமமும் பயிற்சியும் வேண்டும். வெளிநாட்டவர் சொத்து வாங்கத் தடையில்லை. ஆனால், மலேசியக் கடப்பிதழுடன் விசாவின்றிச் செல்பவர் 180 நாள்களில் 90 நாள்கள்தாம் தங்கலாம். அங்கேயே வாழ்ந்து தொழில் நடத்தத் தனி அனுமதி பெறவேண்டும்.

பிறகு, நான்காம் ஆண்டு மாணவர்கூடப் போடக்கூடிய ஒரு கணக்கைத் தாளில் எழுதினேன். ஏப்ரல் முதல் அக்டோபர் முடிய 214 இரவுகள். எட்டு அறைகளுக்கு 1,712. அவற்றுள் பாதி நிரம்பினால் 856. ஓர் அறைக்கு 90 யூரோ என்று வைத்தால் 77,040 யூரோ. ஊதியம், கடன், காப்புறுதி, மின்சாரம், சலவை, முன்பதிவுத் தளங்களின் தரகு அனைத்தும் இதிலிருந்துதான். மீதி ஐந்து மாதங்களுக்கு வருமானம் இல்லை, செலவு உண்டு.

"நீ ஆசிரியை, எதையும் கணக்காகவே பார்ப்பாய்" என்றார் அக்கா. நான் பதில் சொல்லவில்லை.

பதில் சொன்னவர் அந்த மூதாட்டிதான். மின்தூக்கி இல்லாத கட்டடம் அது. எங்களை மேல்மாடிக்கு அழைத்துச் சென்றவர், ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைப் பிடித்து நின்றார். துணிமூட்டையைச் சுமந்து இப்படிகளில் முப்பது ஆண்டுகள் ஏறி இறங்கியதாகவும், ஓர் ஆகஸ்டு மாதத்தில்கூடக் கணவருடன் அமர்ந்து இரவு உணவு உண்டதில்லை என்றும் உடன் வந்த மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கூறினார். குறையாகச் சொல்லவில்லை, விடுதியைக் காட்டுவதன் ஒரு பகுதியாகவே சொன்னார். மூட்டுவலிக்கு மருந்துண்ணும் அக்கா, அந்தப் படிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவும் அத்தானும் கையொப்பமிடவில்லை. என் சேமிப்பும் மகளுக்கென்றே இருக்கிறது. ஆயினும் அவர்கள் ஆசையை முற்றாகக் கைவிடவில்லை. உரிமையாளர் தம் சொந்த வீட்டில் 5 அறைகள் வரை, ஒரே வேளையில் 15 பேருக்கு மிகாமல் விருந்தினரைத் தங்கவைக்கும் எளிய முறையும் அந்நாட்டில் உண்டு. இப்போது அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இருவரும் பிரெஞ்சு மொழி வகுப்பிலும் சேர்ந்துள்ளனர்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பர் நம் பெரியோர். விருந்தினராக நான்கு நாள்கள் தங்கியபோது அவர்கள் கண்டது சன்னலுக்கு வெளியே இருந்த காட்சியை. விற்பனைக்கு வந்ததோ, அந்தச் சன்னலைத் துடைக்கும் வேலை. அன்பர்களே, இப்படியோர் ஆசை உங்களுக்கும் இருந்தால், மூன்றாண்டுக் கணக்கேடுகளைக் கேளுங்கள். குளிர்காலத்தில் ஒருமுறை போய்வாருங்கள். படிகளையும் எண்ணிப் பாருங்கள்.