லூக்காஸ் வழிவிட்ட பின்னேரம்

2021 ஒக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை. லொக்டவுன் எடுத்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஏ.எல். சோதனை எப்ப நடக்கும் எண்டு ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது. பாடக் கொப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு, விறாந்தையில் இருந்து போனில் கார்ப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கென்னடி இந்தக் கார் விசர்?" என்று கேட்டார். மூன்றாம் தரம் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் பயந்துபோய்விட்டார்.

டோர்ட்முண்டில் இருக்கிற பெரியம்மாவின் மகனால் வந்த பழக்கம் இது. அந்த வருசம் ஆனி மாதத்தில் அண்ணா ஒரு லிங்க் அனுப்பினார். "போர்முலா வன்னை எல்லாரும் பாக்கினம், நீ இதைப் பார்." அது டி.டி.எம். என்கிற ஜேர்மன் கார்ப் பந்தயத் தொடர். நேரலை இலவசம் என்பதுதான் அப்போது எனக்கு முக்கியமாகப் பட்டது. முதல் பந்தயம் இத்தாலியின் மொன்சாவில். அதை வென்றவர் லியம் லோசன் என்ற நியூசிலாந்துப் பொடியன். வயது 19. அந்தத் தொடரின் வரலாற்றிலேயே ஆக இளைய வெற்றியாளர். எனக்கும் அப்போது 19. அவர் மணிக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேலே போகிறார், நான் சூம் வகுப்பில் 'மிஸ், கேக்கேல்ல' என்று ரைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒருவரைப் பிடித்துப்போக அதற்கு மேல் காரணம் வேண்டுமா என்ன?

அந்த வருசத்துத் தொடரே ஒரு மாதிரியான நேரத்தில் நடந்தது. டி.டி.எம். என்றாலே ஜேர்மன் கம்பனிகள் தங்களுக்குள் அடிபடுகிற இடம் என்று அண்ணா சொல்லுவார். மெர்சிடிஸ் 2018 முடிய விட்டுவிட்டுப் போனது. ஔடி 2020 முடியப் போனது. பி.எம்.டபிள்யூ மட்டும் தனிய நின்று யாரோடு ஓடுவது? தொடரை நடத்திய கெர்ஹார்ட் பேர்கர் (முன்னாள் போர்முலா வன் வீரர், ஒஸ்திரியாக்காரர்) அந்த விலைகூடிய விசேட கார்களைக் கைவிட்டு, ஜி.டி.3 என்கிற வகைக்கு மாறினார். கம்பனிகள் செய்து விற்கிற பந்தயக் கார்களைத் தனியார் அணிகள் வாங்கி ஓட்டலாம். அதனால் 2021இல் ஃபெராரியும் லம்போகினியும்கூட வந்து நின்றன. லோசன் ஓட்டியது ரெட் புல் நிறம் பூசிய ஃபெராரி. போர்முலா வன்னில் ஒன்றோடு ஒன்று முட்டுகிற இரண்டு பெயர்கள் இங்கே ஒரே காரில். அவருடைய சக அணி வீரர் அலெக்ஸ் அல்பன், முதல் வருசம்தான் ரெட் புல் போர்முலா வன் அணியில் இடத்தை இழந்தவர். கரையில் ஒதுக்கப்பட்ட ஒருவரும், இன்னும் கடலுக்குள் இறங்காத ஒருவரும் பக்கத்துப் பக்கத்துக் கராஜில். சோபியா ஃபுளோர்ஷ், எஸ்மி ஹோக்கி என்று இரண்டு பெண்களும் ஓடினார்கள். அம்மாவுக்கு அதைக் காட்டினேன். "அதுகள் ஓட்டட்டும், நீ படி" என்றார்.

எட்டு இடங்கள், இடத்துக்கு இரண்டு பந்தயம், மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம் வரை. இடையில் கட்டாயம் ஒருதரம் உள்ளே வந்து ரயர் மாற்ற வேண்டியிருந்தது. வென்றவரின் காரில் அடுத்த பந்தயத்துக்கு எடை ஏற்றிவிட்டார்கள். ஒஸ்திரியாவில் லோசன் சனியும் வென்று, அந்த எடையோடேயே ஞாயிறும் வென்றார். அன்றைக்குத்தான் நான் ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் புள்ளி அட்டவணை எழுதத் தொடங்கினேன். அது புவியியல் கொப்பி.

கடைசிக் கிழமைக்கு வரும்போது முன்னணியில் இருந்த மூன்று பேர் இவர்கள். லோசன் முன்னால். ஔடியில் தென்னாபிரிக்காவின் கெல்வின் வன் டெர் லிண்டே. மெர்சிடிஸில் மக்சிமிலியன் கோட்ஸ் என்ற 35 வயது ஜேர்மன்காரர். கோட்ஸை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது அந்த நேரம். ஆரவாரமில்லாமல் வந்து வந்து புள்ளி பொறுக்குவார். மைதானத்தில் அடிக்காமல் ஒவ்வொரு ஓட்டமாக எடுக்கிற துடுப்பாட்டக்காரரைப் போல.

இடம் நியூரம்பேர்க்கில் உள்ள நோரிஸ்ரிங். 2.3 கிலோமீற்றர் நீளமான வீதிப் பாதை. இரண்டு நீட்டு, இரண்டு கொண்டை வளைவு, நடுவில் ஒரு நெளிவு, அவ்வளவுதான். இப்போது வரலாறு படிக்கிறவள் என்பதால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை: அந்தப் பாதை சுற்றி ஓடுகிற பெரிய கல் மேடை, ஹிட்லரின் நாசிக் கட்சிப் பேரணிகளுக்காகக் கட்டப்பட்டது. இன்றைக்கு அதன் படிகளில் சனம் ஐஸ்கிரீமோடு இருந்து கார் பார்க்கிறது. அதை அப்படியே விட்டுவைப்பதா, இடிந்துபோக விடுவதா, திருத்துவதா என்று அந்த நகரம் நெடுங்காலம் வாதாடியிருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஞாயிறு பந்தயம். முதல் வளைவு. வன் டெர் லிண்டே உள்பக்கத்தால் மிகப் பிந்திப் பிரேக் பிடித்து வந்து லோசனை இடித்தார். ஃபெராரி கோணலாகிப்போனது. சில நொடிகளில் ஒரு வருசம் முடிந்தது. லோசன் உள்ளே போய், திரும்பி வந்து, எல்லாருக்கும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். வன் டெர் லிண்டேக்குத் தண்டனை கிடைத்தது, அவருடைய கனவும் அன்றைக்கே போனது.

ஆனாலும் லோசன் இன்னும் தோற்கவில்லை. என் கொப்பிக் கணக்கு அதைத்தான் சொன்னது. முதலாம் இடத்துக்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 18, மூன்றாம் இடத்துக்கு 15. கோட்ஸ் வென்றால் 230. இரண்டாவதாக வந்தால் 223. மூன்றாவது என்றால் 220. லோசனிடம் 227. அதாவது கோட்ஸ் வென்றே ஆகவேண்டும், வேறெதுவும் காணாது. அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர்கள் லூக்காஸ் அவுவரும் பிலிப் எலிஸும். அவர்களும் மெர்சிடிஸ்தான். ஆனால் கோட்ஸின் அணி இல்லை. அவர்கள் வின்வார்ட், கோட்ஸ் எச்.ஆர்.டி. வேறு கராஜ், வேறு சம்பளம், வேறு முதலாளி.

பந்தயம் முடியப்போகிற நேரம் அவர்கள் இரண்டு பேரும் விலகினார்கள்.

கோட்ஸ் 230. லோசன் 227. மூன்று புள்ளி. சனி, ஞாயிறு காலை நேரச் சோதனை ஓட்டத்தில் முதலாவதாக வருபவருக்குக் கொடுப்பதே மூன்று புள்ளிதான்.

அண்ணாவுக்கு வொய்ஸ் அனுப்பினேன், பாதி அழுகை, பாதி தூஷணம். அவர் சிரித்துவிட்டு, "இது ஒண்டும் புதுசில்ல" என்றார். 2015இல் ஒஸ்திரியாவில் ஔடியின் பெரிய தலை ஒருவர், எதிரணிக் காரைத் தள்ளிவிடச் சொன்னது ரேடியோவில் கேட்டு, இரண்டு இலட்சம் யூரோ தண்டம் கட்டிய கதையைச் சொன்னார். வழிவிடச் சொல்வது அந்த வருசம் விதிக்கு உட்பட்டது என்றும் சொன்னார். 2022இல் இருந்துதான் அணிக் கட்டளையைத் தடைசெய்தார்கள். பேர்கருக்கு நோரிஸ்ரிங்கில் நடந்தது பிடிக்கவில்லை. இதில் ஒரு விசயம்: வழிவிட்ட லூக்காஸ், பேர்கருடைய சகோதரியின் மகன். தாய்மாமன் நடத்துகிற போட்டியில் மருமகன் வழிவிட, அதற்காக மாமன் விதியை மாற்றுகிறார். எங்கட ஊர்க் கோயில் நிர்வாகக் கதை மாதிரி இல்லையா?

எனக்கு மூன்று வருசம் லோசனின் பக்கம்தான் நியாயம். பிறகு கம்பஸ் வந்தேன்.

இரண்டாம் வருசத்தில் எங்கள் பீட விவாத அணியில் எனக்குத் தொகுப்புரை. கடைசியில் எழும்பி, எதிரணி சொன்ன எல்லாத்தையும் ஒன்றுசேர்த்து அடிக்கிற இடம். அந்த இடத்துக்காக அரை வருசம் இரவு இரவாகப் பேசிப் பழகியிருக்கிறேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இறுதிப்போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் கன்டீனில் என்னைக் கூப்பிட்டார்கள். "தங்கச்சி, அக்காவுக்கு இது கடைசி வருசம். அவா ஒருக்காலும் இறுதியில தொகுப்புரை செய்யேல்ல. உனக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு." ஒருவரும் கட்டளை போடவில்லை. அந்த அக்கா அந்த இடத்தில் இருக்கவும் இல்லை. பிளேன்ரீ ஆறிக்கொண்டிருந்தது. நான் ஓம் என்றேன்.

வென்றோம். அக்கா நன்றாகத்தான் பேசினா. நான் பேசியிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். படத்தில் கேடயத்தின் ஒரு மூலையை நான் பிடித்திருக்கிறேன்.

அன்றிரவு விடுதியில் நித்திரை வராமல் நோரிஸ்ரிங்கின் கடைசிப் பகுதியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இந்த முறை லோசனைத் தேடவில்லை. லூக்காஸின் காரை மட்டும் பார்த்தேன். ஒரு பந்தயக் கார் வேண்டுமென்று மெதுவாகப் போவதைப் பார்க்க என்னவோ மாதிரி இருக்கிறது. இடித்தால் சத்தம் வரும், புகை வரும், வர்ணனையாளர் கத்துவார். வழிவிட்டால் ஒன்றும் வராது. நான் லோசனுக்காக அழுத அன்று அந்த இரண்டு பேரையும் துரோகி என்றுதான் கொப்பியில் எழுதியிருந்தேன். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை.

பிறகு கோட்ஸைப் பற்றியும் தேடினேன். 2015, 2016 இரண்டு வருசம் டி.டி.எம். ஓடியிருக்கிறார். பிறகு இடமில்லாமல் போய், 2021இல்தான் திரும்பி வந்திருக்கிறார். 35 வயது. இன்னொரு தரம் கூப்பிடுவார்களா என்று தெரியாத வயது. அந்த அக்காவுக்கு 25.

அந்தக் கட்டளை நியாயமானது என்று இதை வைத்துச் சொல்ல நான் தயாராக இல்லை. விதி அனுமதித்தது என்பதற்காக ஒரு வருசத்துப் போட்டியை, அதுவும் இன்னொரு அணியின் ஆட்களைக் கொண்டு, ரேடியோவில் முடித்துவைப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. பதினைந்து பந்தயம் வேர்வை சிந்தி ஓடி, பதினாறாவதில் யாரிடம் கூடக் கார் இருக்கிறது என்பதில் போய் முடிவதென்றால், மெர்சிடிஸிடம் ஏழு கார், லோசனிடம் ஒரே ஒரு சக வீரர். இது விளையாட்டா, எண்ணிக்கையா? எண்ணிக்கையால் தோற்கிறதைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் கோட்ஸைத் திருடன் என்று சொல்லவும் இப்போது வாய் வருகுதில்லை. கதவைத் திறந்துவிட்டார்கள், அவர் போனார். நான் என்ன செய்திருப்பேன்?

லூக்காஸ் அடுத்த வருசமே பட்டத்துக்குக் கிட்ட வந்தார். இரண்டாமிடம். அவரை முந்தியவர் ஷெல்டன் வன் டெர் லிண்டே, லோசனை இடித்த கெல்வினின் தம்பி. லோசன் போர்முலா வன்னுக்குப் போனார். 2025இல் ரெட் புல்லின் முதன்மை அணியில் ஏற்றி, இரண்டே இரண்டு பந்தயத்தில் இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு அண்ணா "உன்ர ஆளுக்குத் திரும்பவும்" என்று ஒரு வரி அனுப்பினார்.

இப்போது எனக்குக் கடைசி வருசம். அடுத்த மாதம் இறுதிப்போட்டி. தொகுப்புரை இரண்டாம் வருசப் பிள்ளை ஒன்றிடம் இருக்கிறது. வவுனியாப் பிள்ளை, என்னைவிடக் கெட்டிக்காரி. இதை நான் முகத்துக்காகச் சொல்லவில்லை. போன கிழமை அணித் தலைவர் வந்து, நான் கேட்காமலே, "அக்கா, நீங்கள் ஓமெண்டா நான் அவளோட கதைக்கிறன். அவளுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்குத்தானே" என்றான். அதே வசனம். அதே கன்டீன்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வியாழக்கிழமைக்குள் பெயர்கள் கொடுக்க வேண்டும். நேற்று நூலகத்து வாசலில் அந்தப் பிள்ளை என்னைக் கண்டு, தொகுப்புரையில் எங்கே நிறுத்திப் பேச வேண்டும் என்று கேட்டாள். ஒருவரும் அவளிடம் இன்னும் கதைக்கவில்லை. படியில் இருந்து ஒரு மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.