இதுவும் மானாவாரிதான்!

பீட்சாவுடன் சின்ன பாக்கெட்டில் தருவார்களே, அந்த ஆரிகானோ நம் துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிரீஸ் போன்ற மத்தியதரைக்கடல் நாடுகளில், காய்ந்த மலைச்சரிவுகளில் தானாக வளர்வது. வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும். வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்காது. நர்சரியில் வாங்கி வந்து பால்கனியில் வைப்பவர்கள் பலர் இதை இழப்பது, கவனிக்காமல் விட்டதால் அல்ல; அளவுக்கு மீறிக் கவனிப்பதால்தான்.

சென்னையில் ஓர் அடுக்குமாடி வீட்டிலும் அதுதான் நடந்தது. மாமனார் காலமான பிறகு, கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாமியாரை அழைத்து வந்திருந்தார்கள். மகனும் மருமகளும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கு. காடு கரை என்று வாழ்ந்தவருக்கு அந்த வீட்டில் மிஞ்சிய ஒரே வேலை, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. காலையில் ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. புதினா செழித்தது. ஆரிகானோவுக்கு இலை மஞ்சளாகி, அடித்தண்டு கறுத்தது.

‘ஊத்தாதீங்க’ என்று சொல்ல மருமகளுக்கு ஒரு நொடி போதும். ஆனால், அந்த ஒரு வேலையையும் பிடுங்கிக்கொண்டால் அவருக்கு என்ன இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆரிகானோ பாக்கெட்டைப் பிரித்து மாமியாரின் உள்ளங்கையில் கொட்டினாள்.

“என்ன வாசனை அத்தை?”

“ஓமம் மாதிரியில்ல இருக்கு?”

சரியான பதில். ஓமத்துக்கு மணம் தரும் தைமாலும், ஆரிகானோவுக்கு மணம் தரும் கார்வக்ராலும் அக்கா, தங்கை போன்றவை.

“பாறை இடுக்குல எல்லாம் வளருமாம் அத்தை. நம்ம தொட்டியில ஏன் வர மாட்டேங்குது?”

மாமியார் தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

“பாறையில வளர்றதுக்கு இம்புட்டு ஈரம் எதுக்கு? எங்க ஊர்ல மானாவாரியா விளையுற மல்லிக்குத்தான் வாசம் தூக்கலா இருக்கும். இதுவும் மானாவாரிதான் தாயி.”

அன்றிலிருந்து அந்தத் தொட்டி அவர் பொறுப்பு. நல்லதாக இருந்த நுனிகளை விரல் நீளத்துக்கு நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் நிறையக் கலந்த மண்ணில் நட்டார். வேர் பிடிக்கும்வரை லேசான ஈரம். அதன்பின், மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தால்தான் தண்ணீர். தினமும் 6 மணி நேரமாவது வெயில்படும் இடம். அடைமழை என்றால் வீட்டுக்குள். உரமும் குறைவாகத்தான். ஊட்டம் மிஞ்சினால் இலை பெருகும், மணம் குறையும். பூ எடுக்கும் முன் கொத்தாக வெட்டி, நிழலில் உலர்த்தினார். பச்சை இலையைவிடக் காய்ந்த இலைக்கே மணம் அதிகம்.

இப்போதும் காலையில் சொம்போடுதான் பால்கனிக்குப் போகிறார். ஒவ்வொரு தொட்டியாக விரல் வைத்துப் பார்க்கிறார். சில நாள் சொம்புத் தண்ணீர் பாதி அப்படியே திரும்பி வருகிறது. இன்றைக்கு எந்தச் செடிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று முடிவு செய்வதும் ஒரு வேலைதானே! அந்த வீட்டில் அது அவருக்கு மட்டுமே தெரிந்த வேலை.