இராமநகரத்துக் கற்குன்றுகள்

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே ரயிலில் சென்று வரும் நம் சங்கத்து அன்பர்கள் இராமநகரத்தை அறிவார்கள். பட்டுக்கூடுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். 1975இல் வெளிவந்த ‘ஷோலே’ படத்தில் கண்ட பாறைகளும் இவ்வூரினவே. ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் அவ்வழியே பன்முறை சென்றிருந்தும், சென்ற மாதந்தான் குடும்பத்துடன் இறங்கி இராமதேவர் மலையில் ஏறினோம்.

பாதி வழியில் நம் மகள், “அப்பா, இவ்வளவு பெரிய கல்லை யார் கொண்டுவந்து வைத்தார்கள்?” என்று கேட்டாள். விடையறியாது விழித்தோம். திரும்பியபின் நூலகத்தில் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறோம்.

யாரும் கொண்டுவரவில்லை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு மேலெழுந்து, நிலமட்டத்தை எட்டாமல் உள்ளேயே தங்கிவிட்டது. எரிமலைக் குழம்பாக வெளிப்பட்டிருப்பின் விரைவில் ஆறி நுண்மணிகளாகியிருக்கும். ஆழத்தில் மெல்ல மெல்ல ஆறியமையால் பெருமணிகளாக உறைந்தது. உற்று நோக்கினால் இளஞ்சிவப்பு ஃபெல்ஸ்பாரும், கண்ணாடி போன்ற குவார்ட்சும், கரிய அப்பிரகமும் தனித்தனியே தெரியும். இத்தகைய பெருந்திரளைப் ‘பாத்தோலித்’ என்பர். கிரேக்கத்தில் ஆழத்துக் கல் என்று பொருள். பின்னர் நெடுங்காலம் மழையும் காற்றும் மேல்நிலத்தை அரித்துச் செல்லவே, உள்ளிருந்தது வெளிப்பட்டது. மேற்பாரம் நீங்கியதும் பாறை வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரிந்து உருண்டை வடிவம் பெற்றது.

வடக்கு தெற்காகச் சுமார் 400 கிலோமீட்டர் நீளும் இத்திரளுக்குக் ‘குளோஸ்பேட் கிரானைட்’ என்று பெயர். மைசூரில் ஆங்கிலேய ரெசிடெண்டாயிருந்த பாரி குளோஸின் பெயரால் இவ்வூர் அக்காலத்தில் குளோஸ்பேட் எனப்பட்டது. ஊரின் பெயர் மாறியது. கல்லின் பெயர் மாறவில்லை.

தண்டவாளத்திற்கு இடும் ஜல்லியின் கணக்கை எழுதுவதும் நம் அலுவல்களில் ஒன்று. இத்தனை டன் என்று எழுதிக் கையொப்பமிடுகையில் அது ஒரு குன்றின் பகுதி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஜல்லியின்றி ரயில் ஓடாது, வீடும் எழாது, அறிவோம். ஆயினும் சுற்றுப்புறத்தில் குவாரி வெட்டிய குன்றுகளைக் கண்டு மனம் கனத்தது. வெட்டிய மரம் தழைக்கும். வெட்டிய குன்று தழைக்காது. இராமதேவர் மலையோ, பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயமாக 2012இல் அறிவிக்கப்பெற்றுப் பாதுகாப்பில் உள்ளது.

அன்பர்கள் குழந்தைகளுடன் ஒருமுறை சென்று வருக. வெயில் ஏறுமுன் மலையேறுவது நலம், குடிநீர் மறவாதீர். குழந்தைகள் கேட்கும் கேள்விக்கு விடையும் இப்போது கைவசம் உண்டு.