வேலை கிடைத்த இரண்டு விரல்கள்

நமது இடது கையில் ஐந்து விரல்கள் இருக்கின்றன. இருக்கின்றன என்று சொல்லலாமே தவிர, ஐந்தும் வேலை செய்கின்றன என்று சொல்வதற்கில்லை. 2019-ம் வருஷம் மழைக்காலத்தில், ஈரமாயிருந்த மாடிப்படி ஒன்று நம்மைச் சற்று அவசரமாகவே கீழ்த்தளத்துக்கு அனுப்பி வைத்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் அன்று முதல் மடங்க மறுத்துவிட்டன. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு இரண்டு விரல்கள் போனால் என்ன குடி முழுகிவிட்டது என்று நேயர்கள் கேட்கலாம். முப்பத்தைந்து வருஷ காலம் மாலை வேளைகளில் நாம் பிடில் வாசித்து வந்தோம். நன்றாக வாசித்தோம் என்று சொல்லவில்லை. வாசித்தோம் என்றுதான் சொல்கிறோம்.

பிடில் அலமாரியின் உச்சிக்குப் போயிற்று. வருஷத்துக்கு ஒரு முறை சரஸ்வதி பூஜையன்று நம் இல்லத்தரசி அதை இறக்கித் தூசி தட்டி, சந்தனம் குங்குமம் இட்டு, மறுநாள் மீண்டும் ஏற்றி வைத்துவிடுவாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஏதாவது பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்போம். அவள் பேசாமலிருந்ததைத்தான் நம்மால் தாங்க முடியவில்லை.

நாம் குடியிருப்பது கல்கத்தாவில். 2001-ல் கொல்கத்தா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நம் நாக்குக்குத்தான் இன்னும் உத்தரவு வந்து சேரவில்லை. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் லேக் மார்க்கெட் பக்கத்தில், ஒரு வங்காளி மூதாட்டியின் அடுத்த வீட்டில் இருக்கிறோம். அவரை நாம் மாஷிமா என்று அழைப்பது வழக்கம். தாயாரின் சகோதரியை வங்காளிகள் அப்படித்தான் அழைப்பார்கள். ஒரு நாள் சாயங்காலம் அவருடைய வீட்டிலிருந்து இசைத்தட்டு ஒன்றின் நாதம் மிதந்து வந்தது. ரவீந்திரரின் பாட்டு. பாடுகிறவர் யாருமில்லை, ஆனாலும் பாடுவது போலவே இருந்தது. அதுதான் ஹவாய் கிதார்.

இந்த வாத்தியம் பிறந்த இடம் பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகள். 1889-ம் வருஷத்தை ஒட்டி ஜோஸப் கெகுகு என்ற பள்ளிச் சிறுவன், கிதாரின் தந்திகள் மீது ஓர் உலோகத் துண்டை இழுத்துப் பார்த்து, அதில் எழுந்த ஓசையில் சொக்கிப் போனான் என்று சொல்கிறார்கள். 1915-ல் ஸான் பிரான்ஸிஸ்கோ பொருட்காட்சியில் ஹவாய்ச் சங்கீதம் அமெரிக்கர்களைக் கிறுக்குப் பிடிக்க வைத்தது. 1940-களில் டௌ மோ என்ற ஹவாய்க்காரர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கியிருந்து வாசித்தார், கற்றும் கொடுத்தார். பிறகு கேட்க வேண்டுமா? காஜி அநிருத்தர், படுக் நந்தி, சுனில் கங்கூலி ஆகியோரின் கைகளில் அது வங்காளமே பேச ஆரம்பித்துவிட்டது. நமக்கும் அது முற்றிலும் அந்நியமல்ல. நம்முடைய கோட்டு வாத்தியமும் தந்தியை விரலால் அமுக்காமல், கட்டையை வழுக்கி வாசிக்கும் வாத்தியந்தானே?

இவ்வளவும் முன்னமே தெரிந்த சங்கதிதான். அன்று மாலை தெரிந்தது வேறு. மடியில் கிடத்தி வாசிக்கும் இந்தக் கிதாருக்கு இடது கை விரல்கள் தந்தியை அமுக்கவே வேண்டியதில்லை. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் சேர்ந்து ஓர் எஃகு உருளையைப் பிடித்தால் போதும். அந்த மூன்றும் நம்மிடம் சரியாகவே இருந்தன!

இல்லத்தரசி பென்ஷன் பணத்திலிருந்து பத்தாயிரம் ரூபாய் எண்ணிக் கொடுத்தாள். "ஏமாந்துவிடாமல் வாங்கி வாருங்கள்" என்றாள். இதில் கடைசி இரண்டு வார்த்தைகளை மட்டும் நிறைவேற்றினோம்.

லால்பஜார் பக்கம் ரவீந்திர சரணியில் வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், செக்கச் செவேலென்று பளபளத்துக் கொண்டிருந்த மின்சாரக் கிதார் ஒன்று நம்மைக் கண் சிமிட்டி அழைத்தது. அது வெறும் பலகைதான். அதனால் அது மட்டம் என்று நினைக்கக் கூடாது. உலகத்தில் நன்றாக விலை போன முதல் மின்சாரக் கிதாரே இந்த மடிக் கிதார் ஜாதிதான். 1932-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அலுமினியத்தில் வார்த்து, தோசைக் கல்லுக்கு நீளமாய்க் காம்பு வைத்தாற்போல் இருக்கும். பலகை வாத்தியத்தில் காசு போக வேண்டிய இடங்கள் மூன்றே: தந்தியை முறுக்கும் பிருடைகள், தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள், ஸ்வர ஸ்தானங்களைக் காட்டும் கோடுகள். பலகையைத் தச்சர் யாரும் செய்துவிடுவார். நாம் வாங்கியதிலோ காசு முழுவதும் சிவப்பு வர்ணத்தில் போயிருந்தது. ஒலிபெருக்கியும் சேர்த்து எட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மின்சாரக் கிதார் வாங்குகிறவர்கள் இந்த ஒலிபெருக்கிச் செலவையும் முன்னதாகவே கணக்கில் எழுதிக் கொள்வது நலம்.

சுருதி சேர்த்துவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் பிருடைகள் வழுக்கி, சுருதி இறங்கியிருக்கும். அதையாவது சகித்துக் கொள்ளலாம். கோடுகளும் பொய் சொல்லின. இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டு. பன்னிரண்டாவது கோடு தந்தியின் சரிபாதியில் இருக்க வேண்டும். அந்த இடத்தில் தந்தியை விரலால் மெல்லத் தொட்டு மீட்டி, விரலை எடுத்துவிட்டால் மணி போல ஒரு நாதம் எழும். பிறகு அதே கோட்டுக்கு நேர் மேலே உருளையை வைத்து மீட்ட வேண்டும். இரண்டு நாதமும் ஒன்றாக இருந்தால் வாங்கலாம். நம்முடையதில் இரண்டும் பங்காளிகள் மாதிரி இருந்தன. காதை நம்பி வாசிக்கலாமே என்று வித்துவான்கள் சொல்லக்கூடும். புதிதாய்ப் பழகுகிறவனுக்குக் கண்ணும் அல்லவா துணை வர வேண்டும்? ஒரு வாரம் கழித்து எடுத்துக் கொண்டு போனோம். கடைக்காரர் வெகு நேரம் நம் காதின் மீது சந்தேகப்பட்டுவிட்டு, கடைசியில் பாதி விலைக்கு அதைத் திருப்பி எடுத்துக் கொண்டார். அன்று வீட்டில் சாப்பாடு மௌனமாக நடந்தது.

மாஷிமாதான் காப்பாற்றினார். அவருடைய பிள்ளை காலேஜில் படித்தபோது வாங்கிய சாதாரணக் கிதார் ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்தது. அதன் கழுத்து வளைந்து தந்திகள் எழும்பி நின்றன, மெட்டுகள் தேய்ந்திருந்தன. ரிப்பேர் செய்கிறவர், "செலவு செய்ய லாயக்கில்லை" என்று கையை விரித்துவிட்டாராம். விரலால் அமுக்கி வாசிக்கிறவர்களுக்கு அவர் சொன்னது சரி. மடியில் வாசிக்கிறவனுக்கோ தந்திகள் எழும்பி நிற்பதே வேண்டும்; மெட்டுகள் தேய்ந்தால் என்ன, தேயாவிட்டால் என்ன? அவை வெறும் அடையாளந்தானே! கழுத்து வளைந்திருந்தால் பாதகமில்லை. முறுக்கிக் கொண்டிருந்தால்தான் ஆபத்து. ஏனெனில் ஆறு தந்திகளும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் நேரான உருளை ஆறையும் ஒருமிக்கத் தொடும். அளவுகோலைத் தந்திகளின் மேல் குறுக்கே வைத்துப் பார்த்தோம். ஆடவில்லை.

தலைப்பக்கத்தில் தந்திகள் ஏறி இறங்கும் சிறு வரப்பின் மேல், உயரமான உலோக வரப்பு ஒன்றைத் தொப்பி போல் மாட்டினோம். இதற்கென்றே கடைகளில் விற்கிறார்கள், சொற்ப விலைதான். பிருடைகளையும் தந்திகளையும் மாற்றினோம். உருளையில் மட்டும் கஞ்சத்தனம் செய்யவில்லை. இலேசான உருளை தந்தியின் மேல் நடுங்கிக் கீச்சிடும். இருநூறு கிராம் அளவில் கனமுள்ளதாய், பக்கங்களில் பள்ளம் வைத்ததாய் வாங்கினோம். நம்மைப் போன்ற அரைகுறைக் கைக்குப் பள்ளம் இருந்தால்தான் பிடி நிற்கும். எல்லாம் சேர்ந்து மூவாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. இதில் ஓர் எச்சரிக்கை: நைலான் தந்திக் கிதாரில் எஃகுத் தந்தி கட்டினால் குதிரை பெயர்ந்து வந்துவிடும். நல்ல வேளையாக இது எஃகுத் தந்தி ஜாதி.

சுருதியிலும் யோசனை வேண்டும். பழைய கிதாரில் தந்திகளை மேலே ஏற்றினால் உடம்பு தாங்காது. வழக்கமான சுருதியிலிருந்து நான்கு தந்திகளை மட்டும் இறக்கி, இரண்டை அப்படியே விட்டால், கனத்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ச-ப-ச-க-ப-ச என்று அமைகிறது. காந்தாரம் அந்தர காந்தாரம். எந்தத் தந்தியும் அதிகமாக இறுகவில்லை. நம் காதுக்கும் பழகிய வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

முதல் நாள் வாசித்தபோது ஒரே இரைச்சல். உருளைக்குப் பின்னால், தலைப்பக்கமாக இருக்கும் தந்தித் துண்டுகளும் சேர்ந்து முனகிக் கொண்டிருந்தன. மாஷிமா இளம் வயதில் இந்த வாத்தியத்தைக் கற்றவர். வந்து பார்த்துவிட்டு, காற்றில் நீட்டிக் கொண்டிருந்த நம்முடைய மோதிர விரலையும் சுண்டு விரலையும் பிடித்து உருளைக்குப் பின்னால் தந்திகளின் மேல் படுக்க வைத்தார். "இவை ஒன்றும் செய்ய வேண்டாம். இப்படியே கிடக்கட்டும்" என்றார். முனகல் நின்றது. நாதம் மட்டும் தனியாக எழுந்தது.

நாம் உடனே தலை நிமிரவில்லை. இல்லத்தரசி வாசற்படியில் நின்று கொண்டிருந்தாள் என்று தெரியும். சிறிது நேரத்துக்கெல்லாம் அவள் உள்ளே போய் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அலமாரி உச்சியிலிருந்து பிடிலை இறக்கிக் கொண்டு வந்து, "மூன்றாம் வீட்டுக் குழந்தை பாட்டுக் கிளாசுக்குப் போகிறாள். இதை அவளுக்குக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டாள். கொடுக்கலாம் என்றோம்.

கிதாருக்கு மாஷிமா பணம் வாங்கிக் கொள்ள மறுத்துவிட்டார். மாதத்துக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டிவிட்டால் போதுமாம். இரண்டு மாதத் தவணை செலுத்தியாயிற்று. மூன்றாவது மாதத்துக்காக நேற்று ஒத்திகை பார்த்துக் கொண்டிருந்தபோது, "காந்தாரம் இறங்கியிருக்கிறது!" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.