அத்தையின் கேள்வி

மோனோ ரயிலில் செம்பூரிலிருந்து ஆண்டாப் ஹில்லுக்குத் திரும்புகையில், மைசூர் காலனிக்கும் பக்தி பார்க்குக்கும் இடையே உப்பளமும் அலையாத்திக் காடும் கண்ணில் படும். இயற்கையைக் காக்க அரசின் கை வலுவாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையோடுதான் என் ஆய்வைத் தொடங்கினேன்.

நம்பிக்கைக்குச் சான்றுகளும் இருந்தன. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்து நகரம் மூழ்கியது. அதே அக்டோபரில் பம்பாய் உயர்நீதிமன்றம் மகாராஷ்டிரம் முழுவதும் அலையாத்திகளை அழிக்கத் தடை விதித்தது. 2012இல் வனத்துறையில் அலையாத்திகளுக்கெனத் தனிப்பிரிவு உருவானது. 2015இல் தானே கடற்கழி பூநாரைச் சரணாலயமானது. அலையாத்திகளை அழிப்பது உயிர்வாழும் உரிமையையே மீறுவது என்று 2018இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் இவ்வழக்கைத் தொடுத்தது அரசன்று, ஒரு குடிமக்கள் அமைப்பு என்பதை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

அத்தீர்ப்பு பொதுநலனுக்கென ஒரு வாசலைத் திறந்தும் வைத்திருந்தது. 2022 டிசம்பரில் புல்லட் ரயிலுக்காகச் சுமார் 22,000 அலையாத்திகளை வெட்ட அனுமதி கிடைத்தது அவ்வாசல் வழியேதான். பூநாரைகள் இரை தேடும் சிவ்ரி சேற்றுநிலத்திலிருந்து புறப்படும் கடற்பாலம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. குடிசைகளை அகற்றும்போது காட்டைக் காரணம் காட்டும் அதிகாரம், காட்டை அகற்றும்போது பொதுநலனைக் காரணம் காட்டுகிறது.

என் அத்தை குடும்பம் தாராவியில் மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறது. மறுசீரமைப்பு விதிகளின்படி மேல்தளவாசிகளுக்குத் தாராவிக்குள் வீடு இல்லை. வெளியே வாடகைக் குடியிருப்புதான். அதற்கென முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளில் ஒன்றிய அரசுக்குரிய உப்பள நிலம் 255.9 ஏக்கரைப் பெற மாநில அரசு 2024இல் முடிவெடுத்தது. உப்பளம் வெள்ளநீரைத் தாங்கிக்கொள்ளும் நிலம், அங்கே கட்டக்கூடாது என்று அத்தைக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்பம் நாங்க எங்கல போறது?” என்றார். என் ஆய்வேட்டில் அதற்கு விடை இல்லை.

அன்றிலிருந்து நியம்கிரியை நினைத்துக்கொள்கிறேன். ஒடிசாவின் அம்மலையில் பாக்சைட் தோண்டலாமா என்பதை, 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளின் முன் வைத்தது. பன்னிரண்டு சபைகளும் மறுத்தன, சுரங்கம் நின்றது. வன உரிமைச் சட்டம் அவர்களுக்குத் தந்த அத்தகைய அவை, உப்பளத்தை அண்டி வாழ்பவருக்கும் இல்லை, அங்கே அனுப்பப்படவிருக்கும் என் அத்தைக்கும் இல்லை. இரு தரப்பையும் கேளாமல் எடுக்கப்பட்ட முடிவு, இயற்கையையும் ஏழையையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு நடுவராகத் தான் அமர்ந்துகொள்கிறது.

அரசுக்கு எவ்வளவு அதிகாரம் வேண்டும் என்பது என் பழைய கேள்வி. அவ்வதிகாரம் யாரிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதே இப்போது என் ஆய்வின் முதல் அத்தியாயம்.